நத்தத்துக் கோடி

என் மாமியார் இறந்த அன்று காலையில் என் வீட்டுக்காரர் செய்த கூத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. மனிதர் கேதத்தை வாட்ஸாப்பில் சொல்லிவிட்டார்.

ஊர் உலகத்துக்கு வாட்ஸாப்பில் சொல்லட்டும், யார் வேண்டாம் என்றது? அம்மாவின் படத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு குத்துவிளக்குப் படத்தையும் போட்டு, 'இன்று மாலை நான்கு மணிக்கு இறுதி ஊர்வலம்' என்று எழுதி, போனில் பேர் இருந்த அத்தனை பேருக்கும் தட்டிவிட்டார். மின்வாரியத்தில் தன்னோடு வேலை பார்த்தவர்கள், பால்காரர், சிலிண்டர் போடுகிறவர் எல்லோருக்கும் போனது. அந்த வரிசையில், எப்போதோ யாரிடமோ வாங்கிப் போட்டு ஒரு தடவைகூடப் பேசாத நத்தத்து நம்பருக்கும் போனது. நத்தம்தான் என் மாமியார் பிறந்த வீடு.

எங்கள் பக்கம் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டுக்கு ஆள் நேரில் போய்க் கேதம் சொல்ல வேண்டும். வாசலில் நின்று, இன்னார் தவறிவிட்டார், இத்தனை மணிக்கு எடுக்கிறோம், வந்து முறை செய்யுங்கள் என்று கூப்பிட வேண்டும். அவர்கள் கொட்டு முழக்கத்தோடு புதுச்சேலை கொண்டு வருவார்கள். அதற்குக் கோடி என்று பேர். அந்தக் கோடியைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். ஒரு பெண் எத்தனை பிள்ளை பெற்றாலும் எவ்வளவு பெரிய மனுஷியாக வாழ்ந்தாலும், கடைசியில் அவள்மேல் விழ வேண்டியது பிறந்த வீட்டுத் துணி.

"நத்தத்துக்காரங்களுக்கு ஏற்கெனவே நம்ம மேல அம்புட்டுப் பிரியம். இப்ப சாக்கு வேற எடுத்துக் குடுத்துட்டீங்க" என்றேன்.

"தெரியாம அனுப்பிட்டேன் சூர்யா. இப்ப அழிச்சிரவா?"

"அழிங்க. அழிச்சா உங்கம்மா எந்திரிச்சு உக்காந்து காப்பி கேப்பாங்க."

பாவம், அறுபத்தாறு வயது மனிதர். அம்மா இல்லாத முதல் காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் கோபம் கோபம்தான்.

நத்தத்துப் பிரியத்தின் கதை இதுதான். என் மாமியார் மணிமேகலை, மாந்தோப்பும் புளியந்தோப்பும் உள்ள வீட்டில் ஒரே பெண். அந்தக் காலத்திலேயே அடம்பிடித்து டீச்சர் டிரெயினிங் முடித்து, செம்பட்டிப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். கூட வேலை பார்த்த வாத்தியாரையே கட்டிக்கொண்டார். அவர் சின்னாளபட்டியில் தறி நெய்கிற வீட்டுப் பிள்ளை. நத்தத்து அண்ணன் வாசலில் நின்று, "இனி நீ எங்களுக்குச் செத்தவ. நாளைக்கு நெசமாவே செத்தாலும் இந்த வீட்ல இருந்து கோடி வராது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய சாபம் கிடையாது. சொன்ன அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார், சொன்ன சொல் மட்டும் போகவில்லை. இப்போது அந்த வீட்டில் இருப்பது அவர் மகன் சேதுபதி.

மாமியார் என்று ஊருக்காகச் சொல்கிறேனே தவிர, எனக்கு அவர் டீச்சர். ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பாடம் எடுத்தவர். எங்கள் அப்பா செம்பட்டிக்குத் தெற்கே தக்காளியும் கனகாம்பரமும் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி தண்ணீர் சேந்தப் போன இடத்தில் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். டீச்சர் ரெண்டு நாள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. பிறகு என்ன செய்தார் தெரியுமா? நீச்சல் கற்றுக்கொண்டார்.

வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திண்டுக்கல்லிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இறங்குவார். கற்றுக்கொடுத்தது எங்கள் அப்பா. அவருக்கோ வெட்கம். மேட்டில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தென்னை மரத்தைப் பார்த்து, "கைய வீசுங்க டீச்சர், கால உதறுங்க டீச்சர்" என்று கத்துவார். உள்ளே டீச்சர் தண்ணீரைக் குடித்துக் குடித்து இருமுவார். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று சிரிப்போம்.

சிரித்ததற்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்தது. தான் கற்றுக்கொண்ட கையோடு எங்களை ஒவ்வொருத்தியாக இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் தள்ளினார். தள்ளினார் என்றால் நிஜமாகவே தள்ளினார். என் கூடப் படித்த ராக்கம்மாள் படிக்கட்டைக் கட்டிக்கொண்டு ஊளையிட்டாள். அவளையும் விடவில்லை. ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியது. பெரிய மனிதர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கே வந்து, "பொட்டப்பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு பாடமா?" என்று கேட்டார்.

"இதுதான் மொதப் பாடம். மத்தத உசுரோட இருந்தாத்தான படிக்க முடியும்?" என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளையும் கிணற்றில் சாகவில்லை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பிறகு அவரே ஒருநாள் எங்கள் தோட்டத்துக்கு வந்து, தன் மகனுக்கு என்னைக் கேட்டார். டீச்சர் கேட்டால் எங்கள் அப்பா கிணற்றையே பெயர்த்துக் கொடுத்திருப்பார், பெண்ணா பெரிசு. இப்படித்தான் நான் திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்தேன்.

மாமியாராக அவர் ஒன்றும் தெய்வம் கிடையாது. வெஞ்சனத்தில் உப்புக் கூடிப்போனால் திட்ட மாட்டார், "சூர்யா, நாளைக்கு இதையே திரும்பச் செஞ்சு காட்டு" என்பார். "இது ஸ்கூல் இல்ல டீச்சர், அடுப்படி" என்று நானும் வாயை மூட மாட்டேன். எங்கள் மகன் முகேஷோடு கேரம் ஆடினால் பேரன் என்றும் பார்க்காமல் சிவப்புக் காயைத் தானே போட்டுவிடுவார். அது அழும். "அழுதா காய் விழுகாது கண்ணு, குறி பாத்து அடி" என்பார். மாமனார் தவறியபோது வெள்ளைச் சேலை கொண்டுவந்த பெண்களிடம், "பிள்ளைக பயந்துரும்" என்று ஒரே வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, பதினாறாம் நாள் முடிந்ததும் கிளிப்பச்சைச் சேலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். தெருவே வாசலில் நின்று வாயில் கையை வைத்துப் பார்த்தது. அவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் போனார்.

அப்பேர்ப்பட்டவர் வாயிலிருந்து ஒரே ஒரு தடவைதான் கோடியைப் பற்றிய பேச்சைக் கேட்டேன். நாலைந்து வருஷம் முன்பு எதிர்வீட்டில் ஒரு பாட்டி தவறியது. தேனிப் பக்கமிருந்து பிறந்த வீட்டுக்காரர்கள் கொட்டோடும் வேட்டோடும் கோடி கொண்டுவந்தார்கள். டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரைக்கும் பார்த்தார். "எனக்கு எல்லாம் கெடச்சிருச்சு சூர்யா. இது மட்டும் கெடைக்காது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், அன்றைக்குக் காலையில் எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். தொண்ணூற்றிரண்டு வயதில் நோய் நொடியில்லாமல் தூக்கத்தில் போன கல்யாணச் சாவு. அழுவதற்கு அதில் என்ன இருக்கிறது? ஆனால் நத்தத்திலிருந்து கோடி வராமல் என் டீச்சரை எடுக்கக் கூடாது.

பத்து மணிக்கெல்லாம் தெரு கொள்ளாத கூட்டம். பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, கொட்டுக்காரர்களும் வந்தாயிற்று. சின்னாளபட்டியிலிருந்து பொன்னழகு மாமா வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். மாமனாருக்குச் சித்தப்பா மகன், இப்போது எங்கள் வகையறாவில் மூத்தவர். எந்த வீட்டு நல்லது கெட்டதிலும் முறை தப்பாமல் நடத்திக் கொடுப்பவர். விஷயத்தை விசாரித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "நத்தம் வராது, தாயி. அதுக்கும் ஒரு வழக்கம் இருக்கு. பொறந்த வீட்டுக்கும் சேத்துப் புருசன் வீட்லயே ரெண்டு கோடியாப் போட்டு எடுத்துரலாம். அநாதையாப் போனவுகளுக்கு அப்படித்தான் செய்வாக."

"யாரு மாமா அநாதை?" என்றேன்.

"வழக்கத்தச் சொன்னேன், ஆத்தா."

"பந்தல்ல உக்காந்திருக்கிற தலைகள எண்ணிப் பாத்துட்டுச் சொல்லுங்க, யாரு அநாதைன்னு."

நான் சத்தமாகத்தான் கேட்டேன். கொட்டு நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, "நான் வேணா நத்தத்துக்குப் போயி கால்ல விழுந்து கூப்பிடவா?" என்று கேட்டார். "டீச்சர் மகன் யாரு கால்லயும் விழ வேணாம். முறைப்படி ஆள் போயிக் கூப்பிடணும், அம்புட்டுத்தான்" என்றேன்.

"நான் போறேன் தங்கச்சி."

எழுந்தது அப்பாஸ் அண்ணன். பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கிறார். சின்ன வயதில் அவருக்குப் பள்ளிக்கூடம் என்றாலே காய்ச்சல் வரும். அவர் அம்மா டீச்சரிடம் வந்து அழ, டீச்சர் தினமும் சாயங்காலம் அவரை வீட்டுக்கு வரவழைத்துப் படிக்க வைத்தார். இன்றைக்குச் சென்னைக்கும் ஆம்பூருக்கும் சரக்கு அனுப்புகிற ஆள். ஒவ்வொரு பெருநாளுக்கும் பிரியாணிச் சட்டியோடு முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். "கேதம் சொல்ல நான் போகலாமில்ல?" என்று பொன்னழகு மாமாவிடம் கேட்டார்.

"தாராளமா, அப்பு. ஆள் போகணும்கிறதுதான் முறை. இன்ன ஆளுன்னு முறை இல்ல."

அப்பாஸ் அண்ணன் கார் எடுத்துக்கொண்டு போனார். போய்வர ரெண்டரை மூணு மணி நேரம் ஆகும். அதற்குள் யார் யாரோ வந்தார்கள். ராக்கம்மாள் வெங்காய மண்டியை அடைத்துவிட்டு, கையில் மாலையோடு வந்தாள். ஒட்டன்சத்திரம் வரைக்கும் வியாபாரம் செய்கிறவள், அவள் குரலுக்கு மைக் தேவையில்லை. டீச்சர் காலடியில் உட்கார்ந்து, "என்னையத் தள்ளிவிட்ட மகராசி, நீ மொதல்ல நீந்திப் போயிட்டியே" என்று ஒப்பாரி எடுத்தாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். எங்களுக்கு அன்று அழுகையும் சிரிப்பும் மாறி மாறித்தான் வந்தது. செம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையக் கிழவிகள் வந்தார்கள், அத்தனை பேரும் நீச்சல் தெரிந்த கிழவிகள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்றரை மணி வாக்கில் அப்பாஸ் அண்ணன் வந்தார். இறங்கி வந்த நடையிலேயே தெரிந்துவிட்டது.

"மரியாதையாத்தான் நடத்துனாரு தங்கச்சி. நான் சொன்னதும் எந்திரிச்சு நின்னு, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுக் கேட்டாரு. மொதல்ல வாட்ஸாப்ல வந்ததுல கொஞ்சம் வருத்தம்தான். அத விடு. 'எங்கப்பா சாகுறப்பவும் என் கையப் பிடிச்சு, கோடி கொண்டுபோகக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. செத்தவர் வாக்க நான் எப்படி பாய் மீறுறது'ன்னு கேட்டாரு. கண்ணு கலங்கிப் போச்சு அவருக்கு. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

எனக்கு அந்த மனிதர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை, அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்டவன் என்றால் நாலு வார்த்தை ஏசிவிட்டு ஆறிக்கொள்ளலாம். இவர் அப்பாவின் பேச்சைக் கட்டிக்கொண்டு கிடக்கிற ஆள்.

மூன்று மணிக்குப் பொன்னழகு மாமா, "செத்த நேரம் பாப்போம். இல்லேன்னா வேற வழியில்ல தாயி" என்றார். எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு சேலை எடுத்துவரச் சொன்னார். நான் பீரோவைத் திறந்துகொண்டு நின்றேன். கை சேலைமேல் போகவே மாட்டேன் என்றது. அப்போதுதான் முகேஷ் உள்ளே வந்தான். சென்னையிலிருந்து மதியம்தான் வந்து சேர்ந்திருந்தான்.

"அம்மா, தெருமுனையில ஒரு பொண்ணு தாம்பாளத்தோட நிக்குது. யாரைத் தேடி வந்துருக்குன்னு கேட்டா, அழுகுது."

நான் போனேன். இருபத்திரண்டு வயது இருக்கும். சுடிதார், முதுகில் காலேஜ் பை. கையில் எவர்சில்வர் தாம்பாளம், அதில் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும், ஒரு முழம் மல்லிகையும், மடிப்பு கலையாத சுங்குடிச் சேலையும் இருந்தன.

"யாரும்மா நீ?"

"நத்தம். சேதுபதி மக. எம் பேரு தமிழ்மதி."

அதற்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். "உங்கப்பா எங்க?"

"அவரு வரல. மத்தியானம் காலேஜ்ல பரீட்சைன்னு சொல்லிட்டு பஸ் ஏறி வந்துட்டேன்."

"கேதம் உனக்கு எப்படித் தெரியும்?"

"காலைலயே தெரியும். அப்பாவுக்கு வாட்ஸாப் பாக்கத் தெரியாது, நாந்தான் பாத்துச் சொல்லுவேன். பாட்டி போட்டோவ அப்பத்தான் மொதமொதல்ல பாத்தேன். அப்புறம் அந்தப் பாய் வந்து கூப்பிட்டப்ப உள்ள இருந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்."

என் வீட்டுக்காரரின் முட்டாள்தனத்துக்கு இப்படி ஒரு பலன் இருக்கும் என்று யார் கண்டது? அதை அவரிடம் நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

"மூஞ்சியக்கூடப் பாக்காதவங்களுக்கா இம்புட்டுத் தூரம் வந்த?"

அந்தப் பிள்ளை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "எங்க வீட்ல என்னைய ஏசுறதே இவங்க பேரச் சொல்லித்தாங்க. பத்தாவதுல நல்ல மார்க் எடுத்தப்பவும், 'படிச்சு மணிமேகலை ஆகப் போறியா'ன்னாங்க. காலேஜுக்கு அடம் பிடிச்சப்பவும் அதேதான். எதுத்துப் பேசினா, 'மணிமேகலை ரத்தம்'னு சொல்வாங்க. எனக்கு அது திட்டு மாதிரியே இருக்காது. ஆமா, அப்படித்தான் ஆகப் போறேன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன்."

பிறந்த வீட்டில் என் டீச்சர் பேரை மறந்துவிட்டார்கள் என்றல்லவா நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஒரு நாள் விடாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அந்தத் தெருமுனையில் நின்று, யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல், அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"சேல சரியாருக்கான்னு தெரியல. சுமங்கலியான்னு கடையில கேட்டாங்க. எனக்குத் தெரியாதே. அவங்க டீச்சர், நல்ல கலராக் குடுங்கன்னு சொன்னேன்" என்றது. அரக்குச் சிவப்பில் மஞ்சள் புள்ளி. வெள்ளையை வேண்டாம் என்றவருக்கு விவரம் தெரியாத பிள்ளை எடுத்த சேலை.

"ரொம்பச் சரியாருக்கு" என்றேன்.

"அப்ப உள்ள வரலாங்களா?"

"நில்லு கண்ணு. பொறந்த வீடு ஒத்தையா வரக்கூடாது."

இதற்குள் ராக்கம்மாள் பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தலைப் பார்த்துத் திரும்பினாள். வெங்காய ஏலத்துக் குரல் அப்படியே வந்தது.

"ஏலே, டீச்சர்கிட்டப் படிச்சவுக எல்லாரும் எந்திரிச்சு இங்கிட்டு வாங்க. இன்னிக்கு நாமதான் நத்தத்துக்காரங்க."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலிகள் தரையில் தேய்கிற சத்தம் தெரு முழுவதும் கேட்டது. செம்பட்டிக் கிழவிகள் எழுந்தார்கள். அப்பாஸ் அண்ணன் எழுந்தார். ரிட்டயர் ஆன தாசில்தார் ஒருவரும், லாரி ஓட்டுகிற ஒருவரும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் எழுந்து வந்தார்கள். பந்தலில் பாதி காலியாகிவிட்டது. எல்லோரும் போய் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நின்றார்கள். யாரும் சொல்லாமலே ரெண்டு ரெண்டு பேராக வரிசையாகிவிட்டார்கள். டீச்சர் பிள்ளைகளை ரோட்டில் கூட்டிப் போகும்போது அப்படித்தான் நிறுத்துவார். அப்பாஸ் அண்ணனுக்கு ஜோடியாக ராக்கம்மாள் நின்றாள்.

எனக்கும் அந்த வரிசையில் நிற்க ஆசைதான். நானும் படித்தவள்தானே. ஆனால் கோடி வரும்போது வாசலில் எதிர்கொள்ள வீட்டுக்காரி ஒருத்தி வேண்டும். நான் சேலையைச் சரிசெய்துகொண்டு, என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன்.

"என்னப்பா வேடிக்க பாக்குறீங்க? நத்தத்துக் கோடி வருது, அடிங்க" என்று ராக்கம்மாள் அதட்டினாள். கொட்டு முழங்கியது. அந்தப் பிள்ளை தாம்பாளத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து வந்தது. பின்னால் பேகம்பூரும் செம்பட்டியும் வந்தன. எத்தனையோ வீட்டுக் கோடி பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு பிறந்த வீடு யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

பொன்னழகு மாமா வாசலில் கையைக் குறுக்கே நீட்டினார். கொட்டு நின்றது. "பொம்பளப் பிள்ள கோடி தூக்குற வழக்கம் இல்லையே, தாயி" என்று என்னைப் பார்த்தார்.

"உங்க வழக்கத்துல இல்லாதத எல்லாம் ஒண்ணொண்ணாச் செஞ்சவங்கதான் உள்ள படுத்திருக்காங்க. கேக்க வேண்டிய முறையக் கேளுங்க மாமா" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். "வந்திருக்கது யாரு வீட்டுக் கோடி?"

"நத்தம் மாந்தோப்பு வீட்டுக் கோடி. கூடப் பொறந்த அண்ணன் வீட்டுக் கோடி" என்றது பிள்ளை. யார் சொல்லிக் கொடுத்தார்களோ, ராக்கம்மாளாகத்தான் இருக்கும்.

மாமா கையை எடுத்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். சேலையின் நிறத்தைப் பார்த்ததும் அவர் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. "மதினிக்குச் செவப்பு நல்லாத்தான் இருக்கும்" என்று முடித்துக்கொண்டார்.

தமிழ்மதியும் நானும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து அந்தச் சேலையை டீச்சர்மேல் போர்த்தினோம். கழுத்துவரைக்கும் போர்த்தி, மடிப்பை நீவிவிட்டோம். நான்தான் முதலில் குலவை போட்டேன். செம்பட்டிக் கிழவிகள் எடுத்துக்கொண்டார்கள். தெரு முழுக்கக் குலவைச் சத்தம். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அவ்வளவு பெருமை எனக்கு.

அப்போதுதான் அந்தப் பிள்ளையின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்ததும் அதன் முகம் செத்துவிட்டது. "அப்பா" என்றது. நான் போனை வாங்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனேன்.

"அண்ணே, நான் சூர்யகலா பேசுறேன். மணிமேகலை டீச்சர் மருமக."

"எம் மக அங்கயா இருக்கா?"

"இங்கதான் இருக்கா. கோடி போத்தியாச்சு."

அந்தப் பக்கம் மூச்சு இரைத்தது. "எங்கப்பா வாக்கக் குழி தோண்டிப் பொதைச்சுட்டாளா? அவகிட்டச் சொல்லுங்க. நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா, இந்த வீட்ல இருந்து ஒரு முழத் துணி..."

"நிறுத்துங்கண்ணே" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்லாதீங்க. ஒருத்தர் சொன்னதுக்கே எழுபது வருசம் ரெண்டு வீடும் வெந்துருச்சு. நீங்களும் சொன்னா அடுத்த எழுபது வருசத்துக்கு யாரு அழுகுறது? இந்தப் பிள்ளைக்கு நீங்க செய்யலேன்னா நாங்க செய்வோம். எங்க வீட்டுக்காரரு அவளுக்கு மாமன் முறைதான். சீர் திண்டுக்கல்ல இருந்து கொட்டடிச்சு வரும்."

போனில் எங்கேயோ ஒரு மாடு கத்துவது கேட்டது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே, சாவு வீட்ல பேசுற பேச்சுதான். நீங்க உங்கப்பா வாக்க மீற வேணாம். அவரு கோடி கொண்டுபோகக் கூடாதுன்னுதான சொன்னாரு? ஆள் போகக் கூடாதுன்னா சொன்னாரு? நீங்க வெறுங்கையோட வாங்க. கோடி வந்துருச்சு."

போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு அந்தக் குரல் வந்தது.

"எத்தன மணிக்கு எடுக்குறீங்க?"

"நாலு மணின்னு சொல்லியிருந்தோம். நீங்க வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம்" என்றேன்.

வெளியே வந்து சொன்னதும், பொன்னழகு மாமா நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "காத்திருப்போம்" என்றார். அந்தப் பிள்ளை மட்டும் டீச்சர் தலைமாட்டில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு டம்ளர் காப்பியை அதன் கையில் திணித்தேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. சேதுபதி அண்ணனும் அவர் சம்சாரமும் இறங்கினார்கள். தெருவே எழுந்து நின்று வழிவிட்டது. அவர் ரெண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் கோத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே வந்தார். மகளைப் பார்த்தார். மகள் எழுந்து நின்றது. அவர் அதன் தலையில் கையை வைத்து அப்படியே உட்காரச் சொன்னார். பிறகு டீச்சர் காலடியில் மண்டி போட்டார். சிவப்புச் சேலையின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அறுபது வயதுக்கு மேல் ஆன அந்த மனிதர், தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட டீச்சரைப் பார்த்துச் சொல்லியிராத அந்த முறையைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"அத்த."